இடது பக்கத் தையல்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அப்படியே வைத்துக்கொள். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. போன கடிதத்தை டைப் அடித்து அனுப்பியிருந்தாய். வக்கீல் நோட்டீஸ் என்று பயந்து உன் அத்தான் அதைப் பிரிக்கவே இல்லை. நீ ஊரை விட்டுப் போகும்போது நான் கொடுத்தனுப்பிய தட்டச்சுப் பொறியை இத்தனை வருடம் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்தவன் நீ. இப்போது திடீரென்று அதன்மேல் என்ன பாசம்?

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் தனக்கென்று தைத்துக்கொண்ட சாம்பல் நிறக் கோட்டை நீ பார்த்திருக்கிறாய். சாயங்காலமானால் அதைப் போட்டுக்கொண்டு தையல் கடை வாசலில் நிற்பார். விளம்பரமாம். போன வாரம் அதன் இடது பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“கொஞ்சம் உடம்பு போட்டுட்டேன்.”

“இடது பக்கம் மட்டுமா?”

அடுத்த தையலைப் பிரித்தார். நீதிமன்றத்தில் முப்பது வருடமாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவளிடம் பதில் சொல்லாமல் இருப்பது எவ்வளவு ஆபத்து என்று அவருக்கு இன்னும் புரியவில்லை. சட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மார்புக்குக் கீழே, விலா எலும்பின்மேல், பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. கல் மாதிரி இருக்கிறது. தள்ளினால் நகரவில்லை. அந்தத் தையலைப் பிரிப்பது இது மூன்றாவது தடவையாம். கட்டி வந்தால் மற்றவர்கள் டாக்டரிடம் போவார்கள். இவர் இரண்டு வருடமாகக் கோட்டைத் தளர்த்தி வந்திருக்கிறார்.

சளி டாக்டரிடம் கூட்டிப்போனேன். எதற்குப் போனாலும் சளி என்பாரே, அவர்தான். இந்த முறை அவர் சளி என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை. “ஏதோ பழைய அடி” என்று தைலம் கொடுத்தார். தைலம் தீர்ந்துவிட்டது. கட்டி இருக்கிறது.

நெஞ்சு ஆபரேஷனில் பெயரெடுத்த தம்பியை வைத்துக்கொண்டு நான் தைலம் தடவிக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது என்று எழுது. போன் செய்யாதே. போன் கடையில் இருக்கிறது, அத்தான் காதும் கடையில் இருக்கிறது. தவிர, வாயால் சொன்னதை நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடலாம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ‘நகரவில்லை’ என்ற வார்த்தையை மட்டும் அதைவிட அதிகம்.

கொழுப்புக் கட்டி விரலுக்கு நழுவும். நழுவாதது எலும்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். விலா எலும்பிலிருந்தே கிளம்பும் கட்டிகள் அபூர்வம். பெரும்பாலான டாக்டர்கள் ஆயுளில் ஒன்றைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எனவே சளி டாக்டரைத் திட்டாதே. அவருக்குத் தெரிந்த நோய்களில் இது இல்லை, அவ்வளவுதான்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சு ஸ்கேன் எடுத்துப் படங்களை எனக்கு அனுப்பு. அதுவரை யாரும் கத்தி வைக்கக் கூடாது. ‘சின்னக் கட்டிதான், மேலாக வழித்து எடுத்துவிடலாம்’ என்று சொல்கிற ஒரு ஆள் எந்த ஊரிலும் இருப்பார். அவர் பேச்சு இனிமையாக இருக்கும். அவரிடம் போகாதீர்கள். கெட்ட கட்டியை வழித்தால் மிச்சம் உள்ளே சிதறி மறுபடி முளைக்கும். அதற்குப் பிறகு வருகிற டாக்டருக்கு வெட்ட நல்ல இடம் இருக்காது.

ஒவ்வொரு முறையும் கோட்டை எவ்வளவு தளர்த்தினார் என்று கேட்டு எழுது. கட்டி என்ன வேகத்தில் வளர்கிறது என்று சொல்ல நம்மிடம் வேறு சாட்சி இல்லை.

இன்று காலை காத்திருப்போர் அறைக்கு நாற்காலி வாங்குவது பற்றிக் கூட்டம். மதியம் அதன் தொடர்ச்சி. போக வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

*

பிப்ரவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்டதாக வைத்துக்கொள்; நேரம் இல்லை. உன் கடிதம் புதன்கிழமை சாயங்காலம் வந்தது. வியாழக்கிழமை காலை அத்தானுக்கு ஆபரேஷன்.

கடைக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் டாக்டர்தான். “அரை மணி வேலை. மத்தியானம் கடைக்கு வந்துடலாம்” என்றாராம். அந்த இனிமையான பேச்சை நீ எங்கே ஒளிந்திருந்து கேட்டாய்? அவர் அத்தானிடம் மூன்று கோட்டு தைத்துக்கொண்டவர். அதனால் அத்தானைப் பொறுத்தவரை கைராசிக்காரர். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அப்படியே தெருவைத் தாண்டினேன்.

“என் தம்பி வேண்டாம்கிறான்.”

“உங்க தம்பி எங்க இருக்கார்?”

“வெளிநாட்டுல.”

“அவ்வளவு தூரத்துல இருந்து பாத்தா எல்லாம் பெருசாத்தாம்மா தெரியும்.”

தூரத்திலிருந்து பார்த்தால் சிறிதாகத்தான் தெரியும் என்று நான் எடுத்துச் சொல்லவில்லை. சொன்னதை எழுதிக்கொள்வதுதான் என் தொழில், திருத்துவது அல்ல. ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சறுவைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். என் கைப்பையைவிடக் கொஞ்சம்தான் உயரம். அத்தான் உடனே ‘சின்ன டாக்டர்’ என்று பெயர் வைத்துவிட்டார். ஸ்கேன் படத்தில் எனக்குச் சோளப்பொரியைக் கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அந்தப் பெண் அதையே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “இது குருத்தெலும்புலேருந்து வந்தது. கெட்டதா இருக்கலாம். ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கணும்” என்றாள்.

அத்தான் வெளியே வந்ததும் உன்னை நினைத்துச் சொன்னது: “பாக்கட்டும். ஆனா வெட்டுறதுன்னா மாப்பிள்ளை கைதான். இல்லேன்னா நான் கோட்டையே தளர்த்திக்கிறேன்.”

படங்கள் இத்துடன். கோட்டு முதலில் அரை விரல், அடுத்து முக்கால், இப்போது ஒரு முழு விரல் தளர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட அதிகம்.

இரண்டு கேள்வி. நீ வந்து ஆபரேஷன் செய்வாயா? ஏன் இன்னும் டைப் அடிக்கிறாய்?

பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா

*

மார்ச் 13

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் தைரியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்த்தேன். சின்ன டாக்டர் சரியாகப் படித்திருக்கிறார். கட்டி ஐந்தாவது விலாவில், எலும்பும் குருத்தெலும்பும் சேருகிற இடத்தில் இருக்கிறது. உள்பக்கம் நுரையீரலைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது. இன்னும் துளைக்கவில்லை.

ஊசியை எங்கே குத்தப் போகிறார் என்று அவரிடம் கேள். பிறகு வெட்டப்போகிற கோட்டிலேயே குத்த வேண்டும். அப்போதுதான் ஊசி போன வழியையும் சேர்த்து வெட்டி எடுக்க முடியும். கேட்டதற்குக் கோபப்பட்டால் வேறு ஆளைத் தேடலாம். ‘ஏற்கெனவே குறித்துவிட்டேன்’ என்றால் அவரை நம்பலாம்.

ஆபரேஷன் பெரிதுதான். மேல் விலா, கீழ் விலா எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஜன்னல் அளவுக்கு எடுப்பார்கள். அந்த இடத்தில் வலைத்துணிக்கு நடுவே எலும்புச் சிமெண்டை வைத்துக் கெட்டியாக மூடுவார்கள். மூடாவிட்டால் மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே போய்விடும்.

நாற்காலிக்குக் கை வைக்க வேண்டுமா, வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை.

எழுத இடமில்லை. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

தம்பி

*

ஏப்ரல் 4

அன்புள்ள தம்பிக்கு,

சௌக்கியம். இடமில்லை என்று நீ எழுதியதற்குக் கீழே அரைப் பக்கம் வெள்ளையாக இருந்தது. என் கேள்விகளை அங்கே உட்கார வைத்திருக்கலாம்.

ஊசி எங்கே என்று கேட்டேன். சின்ன டாக்டர் கோபப்படவில்லை. அத்தானின் நெஞ்சில் பேனாவால் போட்டு வைத்திருந்த கோட்டைக் காட்டினாள். அத்தான் குனிந்து பார்த்து, “கோடு நேரா இருக்கு. சாக்கட்டியா இருந்தா இன்னும் நல்லா இருக்கும்” என்றார்.

முடிவு வந்தது. ‘சாதாரணக் குருத்தெலும்புக் கட்டியாக இருக்கலாம்.’ அத்தான் அன்று கடைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எதிர் கிளினிக் டாக்டர் இரண்டு டீ குடித்துவிட்டு, “நான் அப்பவே சொன்னேன்” என்றார். அவர் அப்போது சொன்னது எனக்கு எழுத்து மாறாமல் நினைவிருக்கிறது.

சின்ன டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. “ஊசி குத்தின இடத்தைப் பத்தித்தான் சார் ரிப்போர்ட் சொல்லுது. பக்கத்து இடத்தைப் பத்திச் சொல்லல. படத்துல எனக்குப் பிடிக்கல. முழுசா எடுத்துடலாம்” என்றாள்.

அத்தான் அவளிடம் மரியாதையாகச் சொன்னார்: “என் மச்சினர் வரட்டும்மா. அவர் இதுல பெரிய ஆள்.”

தம்பி, யார் சொல்வது சரி? நீ எப்போது வருகிறாய்?

காத்திருக்கும்,
அக்கா

*

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

நலமே. சின்ன டாக்டர் சொல்வதுதான் சரி. விலாவில் இந்த அளவுக்கு, வளர்ந்துகொண்டே இருக்கிற குருத்தெலும்புக் கட்டி எதுவானாலும் அதைக் கெட்டது என்றே வைத்து வெட்ட வேண்டும். ஊசிப் பரிசோதனைத் தாள் என்ன சொன்னாலும் சரி. இந்த ஜாதிக் கட்டிக்கு மருந்து அநேகமாகக் கேட்காது, கதிர்வீச்சும் பெரிதாகக் கேட்காது. கத்தி ஒன்றுதான். அதிலும் முதல் ஆபரேஷன்தான் நல்ல வாய்ப்பு.

தள்ளிப்போடாதீர்கள். சின்ன டாக்டர் கொடுக்கிற தேதியை வாங்கிக்கொள்ளுங்கள். அத்தானிடம் நான் சொன்னதாகச் சொல்.

இங்கே விடாமல் மழை.

தம்பி

*

மே 15

தம்பிக்கு,

உன் ஊர் மழையைப் பற்றி நான் கேட்கவில்லை.

நேற்று அத்தான் கோட்டை நாலாவது தடவை பிரித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு உள்பக்கத்தைக் காட்டினார். “இனிமே பிரிக்கத் துணி இல்ல” என்றார். அவ்வளவுதான். உள்ளே மடித்து விட்டிருந்த துணியெல்லாம் தீர்ந்துவிட்டது.

இடது பக்கமாக அவரால் படுக்க முடியவில்லை. வலியா என்றால் இல்லை என்கிறார். சின்ன டாக்டர் இரண்டு முறை தேதி கொடுத்தாள். இரண்டு முறையும் “மச்சினர் கடிதம் வரட்டும்” என்றார். நீ சொன்னதைச் சொன்னேன். “வர்றேன்னும் எழுதல, வரலேன்னும் எழுதலையே” என்கிறார். ஆக, அவரை ஆபரேஷன் மேசையில் ஏறவிடாமல் தடுத்துக்கொண்டிருப்பது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நீதான்.

இந்த ஐந்து மாதத்தில் நீ எழுதியதில் நாற்காலி வந்திருக்கிறது, மழை வந்திருக்கிறது. உன் நோயாளி ஒருவர்கூட வரவில்லை. முன்பெல்லாம் நீ எழுதினால் நாலு நெஞ்சாவது திறந்து கிடக்கும். எங்களுக்குச் சாப்பாடு இறங்காது. போன முறை வந்தபோது டீயை இடது கையால் கலக்கினாய். சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுவிடச் சொல்லி அத்தானிடம் நீட்டினாய். பெரிய மனிதனாகிவிட்டான் என்று நாங்கள் சிரித்தோம்.

இப்போது கேட்கிறேன். நீ ஆபரேஷன் செய்வதை நிறுத்திவிட்டாயா? உன் வலது கைக்கு ஏதாவது ஆகிவிட்டதா? ஆம் அல்லது இல்லை. வேறு எதையும் பதிவு செய்ய மாட்டேன்.

அக்கா

*

மே 29

அக்கா,

ஆம். ஆம்.

கையால் எழுதுகிறேன். எழுத்து இப்படித்தான் வரும், பொறுத்துக்கொள். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையின் அந்த ஓரமும் மரத்துவிட்டன. கழுத்து நரம்பு. மூன்று வருடம் ஆகிறது. எழுத்து கோணத் தொடங்கியது போன வருடக் கடைசியில்தான், அதிலிருந்துதான் டைப். ஆஸ்பத்திரியில் ரொம்பக் கண்ணியமாக நடந்துகொண்டார்கள். கத்தியை வாங்கிக்கொண்டு நாற்காலியைக் கொடுத்தார்கள். பதவி உயர்வு என்று அதற்குப் பெயர். கேக் வெட்டினார்கள். வெட்டியது வேறு ஒருவர்.

நீ ஊர் முழுக்க என்னைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தாய். அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெருமை எனக்கும் தேவைப்பட்டது என்பதுதான் நிஜம். பிப்ரவரியில் நீ கேட்டபோதே ‘என்னால் முடியாது’ என்று எழுதியிருந்தால் அத்தான் ஏப்ரலிலேயே ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பார்.

இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டு. என்னால் ஒரு கோட்டுப் பொத்தானைக்கூடப் போட முடியாது என்று சொல். சின்ன டாக்டரின் பேனாக் கோடு நேராக இருக்கிறது என்று அவர்தானே சொன்னார்.

தம்பி

*

ஜூன் 8

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அத்தான் எழுதுவது. துணியில் சாக்கட்டியால் எழுதிப் பழகிய கை, பிழை இருந்தால் பெரிதுபடுத்த வேண்டாம். உங்கள் கடிதத்தை அக்கா படித்துக் காட்டினாள். நீதிமன்றத்தில் படிக்கிற மாதிரியே ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். ரொம்ப நேரம் தண்ணீர் ஓடியது.

நீங்கள் வருத்தப்பட வேண்டாம். நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்கு ஏப்ரலிலேயே தோன்றிவிட்டது. வருகிற ஆள் முதல் கடிதத்திலேயே வருகிற தேதியைப் போட்டிருப்பார். அது எனக்கு வசதியாக இருந்தது. நீங்கள் வரும்வரை யாரும் என்னைத் தொட முடியாது. நீங்களோ வரப்போவதில்லை. அப்படியானால் நான் பத்திரம். இந்த யோசனையைக் கண்டுபிடித்த அன்று நான் நன்றாகத் தூங்கினேன். உங்கள் கையை நீங்கள் மறைத்தீர்கள், அந்தக் கைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். இருவரும் ஒன்றுதான்.

நேற்று சின்ன டாக்டரிடம் போனேன்.

“கட்டியை மட்டும் எடுத்தா போதாதாம்மா?”

“சுத்தி ரெண்டு விரலுக்கு மேல நல்ல எலும்பு, நல்ல சதை எல்லாம் சேத்து எடுப்பேன் சார்.”

“நல்லதையுமா?”

“நல்லதுன்னு நாம நினைக்கிறது. உள்ள எது வரைக்கும் போயிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாதே.”

வாழ்நாள் முழுக்கத் துணியை மிச்சம் பிடித்தவன் நான். நல்ல துணியைத் தாராளமாக வெட்டிப் போடு என்று என்னிடம் சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். ஆனால் சொல்லும்போது என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஜூலை 2 என்று தேதி வாங்கிவிட்டேன்.

உங்கள் அக்கா என் கோட்டை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஒரு விஷயம். நீங்கள் வெட்ட வேண்டாம். ஆனால் அன்றைக்கு வெளியே அவள் தனியாக உட்கார்ந்திருப்பாள்.

தங்கள் நலம் விரும்பும்,
அத்தான்

*

ஜூன் 17

அன்புள்ள அத்தானுக்கு,

நலம் விசாரிப்பதை நேரில் வைத்துக்கொள்கிறேன். முப்பதாம் தேதி வந்து சேருகிறேன். வெட்ட அல்ல, உட்கார. மூன்று வருடமாக காத்திருப்போர் நாற்காலி பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், அதில் உட்கார்ந்து பார்த்ததில்லை.

அக்காவிடம் சொல்லுங்கள்.

தம்பி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள தம்பிக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்கள் நலம். இந்த முறை அதை வெறும் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை.

நீ கிளம்பும்வரை வராத முடிவு முந்தாநாள் வந்தது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்து இளக்கிய பிறகுதான் மெல்லிசாக நறுக்க முடியுமாம், அதற்குத்தான் இத்தனை நாள். கட்டி கெட்டதுதான். மெதுவாக வளர்கிற வகை. ஊசி போன தடவை பொய் சொல்லவில்லையாம். கட்டியின் நல்ல மூலையாகப் பார்த்துக் குத்தியிருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்ததில் சுற்றிலும் எல்லா ஓரமும் சுத்தம். இதைச் சின்ன டாக்டர் இரண்டு தடவை சொன்னாள். எனக்காக மூன்றாவது தடவை சொன்னாள். இனி ஆறு மாதத்துக்கு ஒரு முறை படம் எடுக்க வேண்டும், பல வருடத்துக்கு. மறுபடி வராது என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பதில் தெரியாத கேள்வியை வக்கீல்கள் கேட்க மாட்டார்கள், பார்த்திருக்கிறேன்.

அத்தானுக்கு இடது பக்கம் கொஞ்சம் உள்வாங்கி இருக்கிறது. பீரோவைத் திறந்து கோட்டைக் கொடுத்தேன். நாலு தடவை பிரித்ததையும் மறுபடி உள்ளே மடித்து, ஓரிடத்தில் பஞ்சு வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். எதிர் கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, “சரியான நேரத்துல எடுத்தீங்க, நான் அப்பவே சொன்னேன்” என்றார். அவருக்கு ஒரு கோட்டு பாக்கி இருக்கிறது. அத்தான் இன்னும் துணியை வெட்டவில்லை. அவசரமில்லை என்கிறார்.

நீ இருந்த நாட்களில் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். அல்லது கேட்க முடியவில்லை.

அன்றைக்கு நாலு மணி நேரம் தாண்டிய பிறகு நர்ஸ் ஓடி வந்து இன்னும் ரத்தம் வேண்டும் என்றாளே. நீ எழுந்து, மறுபடி உட்கார்ந்து, “ரத்தம் கேக்கறது சகஜம்க்கா” என்றாய். உன் முகம் அந்த வாக்குமூலத்தோடு ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் உன் கையைப் பிடித்தேன். கதவு திறந்து சின்ன டாக்டர் வெளியே வந்து, முகமூடியைக் கழற்றிவிட்டு, “தானா மூச்சு விடறார்” என்று சொல்லும்வரை விடவில்லை. விட்ட பிறகு பார்த்தேன். உன் உள்ளங்கை ஓரத்தில் என் நகம் நாலும் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. நீ அசையவே இல்லை.

உன் இடது பக்கத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பி வலது கையைக் கொடுத்தாய். “நல்லா அழுத்திப் பிடிச்சுக்கோ, எனக்கு வலிக்காது” என்றாய்.

அந்த நகக்காயம் ஆறிவிட்டதா? மரத்த இடத்தில் புண் சீழ் பிடித்தாலும் தெரியாது என்று சின்ன டாக்டர் சொல்கிறாள். தினமும் கண்ணால் பார்.

பதில் எழுது. டைப் அடித்தால் பிரிக்க மாட்டேன்.

அக்கா